முழத்துக்கு இரண்டு விரல் குறைவு

தர்மபுரத்துக் கல்யாண வீட்டில் மதலேனாவை நெல் மூட்டை ஒன்றின்மேல் இருத்தியிருந்தார்கள். முதல் இரண்டு பாட்டுக்கும் மூட்டை நன்றாகத்தான் இருந்தது. பிறகு அவளுடைய பாரத்துக்கு நெல் இரு பக்கமும் மெல்ல மெல்ல ஒதுங்க, அவள் கீழே இறங்கத் தொடங்கினாள். முழங்கால்கள் உயர்ந்தன. மடியில் கிடந்த கிற்றார் வயிற்றை நோக்கிச் சரிந்தது. ஆறாவது பாட்டில் இடது கால் விறைத்துப்போய், அதை அசைக்கப் பார்த்த நேரத்தில் கையிலிருந்த உருக்குக் கட்டை நரம்புகளின்மேல் வழுக்கியது. வாலில் மிதிபட்ட பூனையின் குரலை ஒலிபெருக்கி ஊர் முழுவதும் கொண்டுபோயிற்று. மாப்பிள்ளை பகுதியார் சிரித்தார்கள்.

அன்று பஸ்ஸுக்கு நிற்கும்போது யோகநாதன் சொன்னான். அவள் வாசிக்கும் பாட்டுக் குழுவை நடத்துபவன் அவன்தான். பரந்தன் சந்தியில் சிறிய கடை, கல்யாண நாட்களில் கடையைப் பூட்டிவிட்டு ஆர்மோனியத்தோடு வருவான்.

"அக்கா, குறையா நினைக்காதேங்கோ. மூண்டு மணித்தியாலம் உங்களாலை இருக்க ஏலாதெண்டால் சொல்லுங்கோ. வவுனியாவிலை ஒரு மண்டலின்காரர் இருக்கிறார். அவர் நிண்டுகொண்டும் வாசிப்பார்."

மதலேனா முதுகின் அடியில் கையை ஊன்றி நிமிர்ந்தாள். நாரிக்குள் ஊசி குத்திக்கொண்டிருந்தது. அவளுடைய வாத்தியத்தை நின்றுகொண்டு வாசிக்க முடியாது. மற்றக் கிற்றாரை நெஞ்சோடு அணைத்து வாசிப்பார்கள். இந்த ஹவாயன் கிற்றாரை மடியில் மல்லாக்கக் கிடத்தவேண்டும். இடது கையால் உருக்குக் கட்டையை நரம்புகளின்மேல் நகர்த்தி, வலது கை விரல்களில் மாட்டிய தகர நகங்களால் மீட்டவேண்டும். அதற்கு மடி மேசைபோல மட்டமாக இருக்கவேண்டும். இருக்கை உயர்ந்தால் கிற்றார் முன்னே வழுக்கும், தாழ்ந்தால் பின்னே சரியும்.

கொழும்புத் துறைமுகத்தில் வேலை பார்த்த அவளுடைய அண்ணன் ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு அதைக் கொண்டுவந்தான். இரண்டு லீவில் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு கப்பலில் வேலை கிடைத்துப் போனவன் திரும்பவில்லை. வாத்தியம் அவளிடம் தங்கிவிட்டது. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. இப்போது நாற்பத்தொன்று.

அவளுடைய நாள் விடியுமுன்னே தொடங்கும். கணவன் மரியநேசன் கடலால் வந்ததும் வலையைக் கழற்றுவது, மீனை வகைபிரிப்பது, விற்காததைக் கிழித்து உப்பிடுவது, வெயில் ஏறியதும் பரவிவிடுவது, காகத்துக்குக் காவல் இருப்பது. இடையில் சமையல், மாமியாருக்கு மருந்து, மகளின் பிள்ளைக்குக் காய்ச்சல். இவற்றில் எதுவும் தன்னைக் களைக்கச் செய்ததாக அவள் நினைக்கவில்லை. களைப்பு வீட்டில் குடியிருக்கும் ஓர் ஆள்போல அவளுக்கு முன்னே எழும்பி, அவளுக்குப் பின்னே படுத்தது. கிற்றாரை மடியில் கிடத்தி, ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குக் கட்டையை இழுக்கும்போது மட்டும் இரண்டுக்கும் நடுவில் ஓரிடம் வரும். அங்கே அவளை யாரும் கூப்பிட முடியாது. மாதத்தில் இரண்டு மூன்று மணித்தியாலம் கிடைத்த அந்த இடத்தையும் மண்டலின்காரருக்குக் கொடுத்துவிட்டால், மிச்சம் என்ன என்று யோசிக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"இருக்கிறதுக்கு ஒண்டு நாங்களே கொண்டுபோவம்," என்றான் மரியநேசன். கல்யாணங்களுக்கு அவளோடு போய்வருபவன் அவன். கிற்றாரையும் அவன்தான் தூக்குவான். துறையில் அவனைப் பார்த்து, "மரியநேசன், இண்டைக்கு எந்த ஊருக்குச் சுமை?" என்று பகிடி பண்ணுவார்கள். "ராகம் தூக்கிறன், உங்களைப்போலக் கணவாய் மீன் தூக்கேல்லை," என்பான்.

வலை முடியும் நூலில் ஒரு துண்டை எடுத்து, அவளைச் சுவரோடு நிமிர்ந்து இருக்கச் சொல்லி, உள்ளங்காலிலிருந்து முழங்கால் மடிப்புவரை அளந்து முடிச்சுப் போட்டான். ஒரு முழத்துக்கு இரண்டு விரல் குறைவு. அந்த உயரத்தில் ஒரு பெட்டி. மேலே அவள் இருக்கவேண்டும், உள்ளே சாமான்கள் இருக்கவேண்டும். உருக்குக் கட்டைகள் இரண்டு, மூக்குப்பொடிப் பேணியில் தகர நகங்கள், மேலதிக நரம்பு, துடைக்கும் துணி, நாரிக்குப் பூசும் தைலம், மாற்றுச் சேலை, செபமாலை. பஸ் மேலே ஏற்றி இறக்கினாலும் உடையக்கூடாது. மரியநேசன் ஒரு கையால் தூக்கவேண்டும், ஏனென்றால் மறு கையில் கிற்றார்.

முல்லைத்தீவுக் கடைத்தெருவில் ஏரம்புவின் கடையில் தகர றங்குப்பெட்டி ஒன்று இருந்தது. நூலை வைத்துப் பார்த்தார்கள், அளவு சரி.

"இருந்து பாருங்கோ," என்றார் ஏரம்பு.

இருந்தாள். மூடி உள்ளே குழிந்து டொப் என்றது. எழும்பினாள். மறுபடி டொப்.

"கொஞ்சம் கதைக்கும். மற்றும்படி நல்ல பெட்டி."

"பாட்டுக்கு நடுவிலை கதைச்சால்?" என்றான் மரியநேசன்.

"தாளத்துக்குச் சரியா எழும்பி இருக்கச் சொல்லுங்கோ."

தேயிலைப் பெட்டி ஒன்று கிடைத்தது. பாரமே இல்லை. ஆனால் அதன் விளிம்புத் தகரம் தொடையை அறுத்தது. நில அளவைக்காரர் விட்டுப்போன கன்வஸ் மடக்கு முக்காலி ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தாள். துணி தொய்ந்து அவளைத் தொட்டில் பிள்ளைபோல ஏந்திக்கொண்டது, சாமான் வைக்கவும் இடமில்லை. சவப்பெட்டி செய்யும் தச்சரிடம் கேட்கலாமா என்று மரியநேசன் யோசித்தான். "அவன் எல்லாத்துக்கும் ஆறடி அளவுதான் வைச்சிருக்கிறான்," என்று தானே அதை விட்டுவிட்டான்.

மூன்று கிழமை இப்படிப் போனது. தெரிவு செய்வதே அவளுக்குக் களைப்பாகிவிட்டது. சேலையை மாமியார் தெரிந்தார். கணவனை ஐயா தெரிந்தார். கிற்றாரைக்கூட அண்ணன்தான் கொண்டுவந்து தந்தான். தனக்கென்று ஒன்றைத் தொட்டுப் பார்த்து, இருந்து பார்த்து, இது வேண்டாம் என்று சொல்லும்போதெல்லாம் யாருடையதையோ குறை சொல்வதுபோல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு நாரி வலியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்த நாளில்தான் இராயப்பு வந்தான். மரியநேசனின் பெரியப்பா மகன், வள்ளம் கட்டும் ஓடாவி.

"மச்சாள், இதுக்கோ மூண்டு கிழமை அலைஞ்சனியள்? வள்ளத்துக் குறுக்குப் பலகையிலை நாள் முழுக்க இருக்கிறாங்கள். ஒருத்தனுக்கும் நாரி நோகேல்லை."

"அவங்கள் மடியிலை கிற்றார் வைச்சிருக்கேல்லை மச்சான்."

"சரி, மடிக்கும் சேத்துக் கட்டித் தாறன்."

நான்கு நாளில் கட்டிவிட்டான். வள்ளத்துக்கு வாங்கியதில் மிஞ்சிய மெல்லிய பலகை. மூலைகளில் ஆணி தெரியவில்லை. உள்ளே மூன்று அறைகள். இரண்டு பக்கமும் கயிற்றுப் பிடி. மூடியை நடுவில் ஒரு நூல் அளவு குழித்துச் சீவியிருந்தான். மதலேனா நூலை நிலத்திலிருந்து பிடித்தபோது முடிச்சு விளிம்பில் வந்து நின்றது. இருந்தாள். பாதங்கள் முழுமையாக நிலத்தில் பட்டன. மடி மட்டமாயிற்று. எவ்வளவோ நாட்களுக்குப் பிறகு அவளுடைய உடம்பில் ஏதோ ஒன்று வாதாடாமல் அமைதியாயிற்று.

"பஸ் மேலை போற சாமான். மழை விழும்," என்று சொல்லிக்கொண்டே இராயப்பு சுறா எண்ணெய்ச் சட்டியை இழுத்தான். வள்ளத்துக்குப் பூசுவதுபோலத் துணியைத் தோய்த்து உள்ளும் புறமும் தேய்த்தான். பலகை குடித்தது.

"இன்னொரு தரம் பூசுங்கோ மச்சான்," என்றாள் மதலேனா. அவளே துணியை வாங்கி மூலைகளைத் தேய்த்தாள். நான்கு நாள் மணலில் வெயிலுக்கு வைத்தார்கள். ஐந்தாம் நாள் மரியநேசன் மோந்து பார்த்து, "மணம் எல்லாம் போட்டுது," என்றான். அவளும் குனிந்து பார்த்தாள். மரமும் வெயிலும்தான் மணந்தன.

முரசுமோட்டைக் கல்யாணம் சித்திரை கழிந்து வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் காணி பெற்றுக் குடியேறிய அப்புத்துரையின் இரண்டாவது மகளுக்கு. காலையில் தாலிகட்டு, மத்தியானம் பந்தி, இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை பாட்டு.

பஸ்ஸில் கொண்டக்டர் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "உள்ளுக்கை என்ன?" என்று கேட்டான்.

"பாட்டு," என்றான் மரியநேசன்.

"அப்ப பாட்டுக்கும் ரிக்கற் எடுங்கோ."

பெட்டி மேலே போயிற்று. பஸ்ஸின் மேலே ஏற்கெனவே மீன் கூடைகள் இருந்தன. அந்த வழியில் ஓடும் பஸ்ஸெல்லாம் அப்படித்தான். இரண்டு மணித்தியால வெயிலில் காய்ந்து இறங்கியபோது பலகை கையைச் சுட்டது.

பந்தலில் வழக்கம்போல இரண்டு கதிரைகள் போட்டிருந்தார்கள். ஒன்று யோகநாதனுக்கு, ஒன்று தபேலா வாசிக்கும் வீரகத்திக்கு. தபேலாவை வைக்க ஒரு சின்ன வாங்குப் பலகை. வீட்டுக்கார அம்மா அன்னபாக்கியம் வந்தார். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த, அன்பான முகம். மத்தியானம் பந்திக்கு வெளியே, கிணற்றடிப் பக்கத்தில் மதலேனாவுக்கும் மரியநேசனுக்கும் தனியாக இலை போட்டு, மறக்காமல் இரண்டு வடை வைத்தவர் அவர்தான். இப்போது அவருடைய கண்கள் பந்தலின் மூலைகளில் எதையோ தேடின. மதலேனாவுக்கு அந்தத் தேடல் பழக்கம். எல்லா வீட்டிலும் மேடைக்கு முன்னே நின்று ஒருத்தி இப்படித்தான் தேடுவாள். பிறகு சாக்கோ, மண்ணெண்ணெய்த் தகரமோ, குசினி வாங்கோ வரும். கூடவே, கதிரை ஆக்களுக்குப் போதாமல் போச்சு பிள்ளை என்ற சொல்லும்.

மரியநேசன் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான்.

"அட, கையோடை கொண்டந்திட்டியே? நல்ல வேலை பாத்தாய் பிள்ளை," என்றார் அன்னபாக்கியம். அவருடைய முகம் அவிழ்ந்துபோயிற்று. தலையிலிருந்து தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்தவரைப்போல மூச்சு விட்டார்.

மதலேனா அந்த மூச்சைக் கேட்டாள். ஏதோ ஒரு முள் தொட்டதுபோல இருந்தது. ஆனால் அதை எடுத்துப் பார்க்க நேரமில்லை. யோகநாதன் சுருதி பிடித்துக்கொண்டிருந்தான்.

முதல் ஒரு மணித்தியாலம் அவள் வாழ்க்கையில் அதுவரை வாசிக்காத மாதிரி வாசித்தாள். கிற்றார் அசையவில்லை. கட்டை நினைத்த இடத்தில் போய் நின்றது. நாரியை அவள் மறந்தே போனாள். வீரகத்தி ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

நாய்தான் முதலில் வந்தது. பந்தலுக்குள் நேராக நடந்து வந்து, பெட்டியை மோந்துவிட்டு, அவளுடைய காலடியில் படுத்தது. பாட்டுக்கு வந்ததாக்கும் என்று அவள் நினைத்தாள். அடுத்த பாட்டில் இன்னொன்று வந்தது. சோளகக் காற்று அவளைக் கடந்து பெண்கள் பக்கமாக வீசியது. முன்வரிசையில் ஒருத்தி சேலைத் தலைப்பை மூக்கில் வைத்தாள். பக்கத்திலிருந்தவளும் வைத்தாள். அப்படியே வரிசையாகப் போயிற்று. ஆண்கள் பக்கத்திலிருந்து வயதான ஒரு குரல் கேட்டது.

"அப்புத்துரை, பந்தி முடிஞ்சாப்போலை சுறா வறுக்கிறியோ?"

சிரிப்பு எழும்பியது. அன்னபாக்கியம் அவசரமாகக் குசினிப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். மூன்றாவது நாயும் வந்து பெட்டியை நக்கத் தொடங்கிய பிறகு யாரும் குசினியைத் தேடவில்லை.

பாட்டு முடிந்ததும் யோகநாதன் குனிந்தான். "அக்கா, பெட்டிக்கு என்ன பூசினனியள்?"

"சுறா எண்ணெய்."

அவன் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தான். "சைவக் கல்யாண வீடு அக்கா."

"மணக்குதோ?"

"உங்களுக்கு மணக்கேல்லையோ? வெடுக்கு மூக்கைத் துளைக்குது."

அவள் மோந்து பார்த்தாள். மரம், வெயில், அவளுடைய வளவு, அவளுடைய வீட்டுச் சுவர். வேறொன்றும் இல்லை. பிறந்த நாளிலிருந்து அதற்குள்தான் மூச்சு விட்டிருக்கிறாள்.

தேநீருக்கு ஒரு பத்து நிமிடம் என்று யோகநாதன் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு அப்புத்துரையைச் சமாதானப்படுத்தப் போனான். மரியநேசன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலிப் பக்கம் நடந்தான். நாய்கள் பின்னாலே போயின. "எனக்கு ஒண்டும் மணக்கேல்லை. உங்களுக்கு மணக்குதோ?" என்று எதிர்ப்பட்டவர்களைக் கேட்டுக்கொண்டே போனான்.

மதலேனா கிற்றாரை அணைத்துக்கொண்டு மேடையில் நின்றாள். பக்கத்தில் யோகநாதனின் கதிரை வெறுமையாக இருந்தது. வாடகைக்கு எடுத்த மடக்குக் கதிரை, கைபிடி இல்லாதது. அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மூன்று கிழமையாக எதைக் கண்டாலும் அளந்த பழக்கமாக இருக்கலாம். கிற்றாரின் தலைப்பக்கத்தில் சுற்றிவைத்திருந்த அளவு நூலை அவிழ்த்து, குனிந்து, நிலத்திலிருந்து கதிரையின் பலகைவரை பிடித்தாள்.

முடிச்சு விளிம்பில் வந்து நின்றது.

மற்றப் பக்கத்திலும் பிடித்துப் பார்த்தாள். அதே அளவு. நிமிர்ந்து பந்தலைப் பார்த்தாள். ஒரே கடையிலிருந்து வந்த ஐம்பது அறுபது கதிரைகள். எல்லாம் அதே உயரம். ஆட்கள் தேநீருக்கு எழும்பிப் போனதில் பாதிக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன.

வீரகத்தி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, என்ரை கதிரையிலை இருங்கோ. நான் பாயிலை இருப்பன். தபேலாவுக்கு அதுதான் சுகம்," என்று பாதி எழும்பினான்.

"நீங்கள் இருங்கோ தம்பி, ஏன் எழும்புறியள்?" அன்னபாக்கியம் விரைந்து வந்தார். "பிள்ளைக்குச் சாக்கை மடிச்சுப் போட்டுவிடுறன். கதிரையள் ஆக்களுக்குக் காணாமல் கிடக்கு."

குரலில் கடுமை இல்லை. வடை வைத்த அதே குரல். கடுமை இருந்திருந்தால் மதலேனாவுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"வேண்டாம் அம்மா. என்ரை பெட்டி வெளியிலை கிடக்கு. வயர் எட்டுமெண்டால் அங்கையிருந்து வாசிக்கிறன்."

ஒலிபெருக்கிக்காரன் வயரை இழுத்துப் பார்த்தான். வேலியோரத்து வேம்புவரை எட்டியது. மைக்கை அங்கே நட்டார்கள். காற்றுக்குக் கீழ்ப்பக்கம், ஒருவருக்கும் தொந்தரவு இல்லாத இடம். அன்னபாக்கியம் மறுபடி அந்த மூச்சை விட்டார்.

மிச்ச நேரம் முழுவதும் அவள் அங்கிருந்துதான் வாசித்தாள். யோகநாதனின் முதுகு தெரிந்தது. அவனுடைய கை எழும்பும்போது தொடங்குவாள், விழும்போது நிறுத்துவாள். நாய்கள் சுற்றிவரப் படுத்திருந்தன. மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி அவளுடைய வாசிப்பை வாய்க்காலுக்கு அப்பால், அறுவடை முடிந்த வயல்களின்மேல் கொண்டுபோயிற்று. பந்தலுக்குள்ளும் அது போயிருக்கும். தலைகள் ஆடின.

இருக்கை சரியாகத்தான் இருந்தது. பாதம் நிலத்தில், மடி மட்டம், நாரியில் வலி இல்லை. அதுதான் அவளை மேலும் களைக்கச் செய்தது. தர்மபுரத்துச் சாக்கு, கண்டாவளையில் கால் எட்டாமல் செங்கல் வைத்து இருந்த வாங்கு, அதற்கு முந்திய தகரம் எல்லாவற்றுக்கும் தன் நாரியையே குற்றம் சொல்லியிருக்கிறாள். வயதாகிறது என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்குத் தேவையான இருக்கை எல்லா வீட்டிலும் அவளுக்கு ஒரு கை தூரத்தில் விரித்துக் கிடந்திருக்கிறது. அது அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாதபடியால் தெரியாததுபோல இருந்துவிட்டாள். அதுவும் களைப்பின் ஒரு வேலைதான். போதாததற்கு ஒரு பெட்டியைக் கட்டி, எண்ணெய் பூசி, இரண்டாம் தரமும் பூசச் சொல்லி, தூக்கிக்கொண்டு வந்து, அவர்கள் தேடவேண்டிய அந்தத் தேடலையும் இல்லாமல் செய்திருக்கிறாள். நூலை எடுக்காமல் விட்டிருக்கலாம் என்று ஒரு பாட்டு முழுவதும் நினைத்தாள். அடுத்த பாட்டில் அப்படி நினைக்கவில்லை.

ஐந்தரை மணி பஸ்ஸுக்கு மூவரும் றோட்டடியில் நின்றார்கள். யோகநாதனுக்கு மறுபக்கம் பரந்தனுக்குப் போகவேண்டும். ஆர்மோனியத்தைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, அவர்களை ஏற்றிவிட்டுப் போக நின்றான்.

"நல்லா வாசிச்சியள் அக்கா. வெளியிலை இருந்து வாசிச்சும் உள்ளுக்கை ஒரு வித்தியாசமும் தெரியேல்லை."

"ஓம், தலையள் ஆடினது எனக்கும் தெரிஞ்சுது."

அவன் ஆர்மோனியக் கயிற்றை இன்னொருமுறை இறுக்கினான். "வாற மாதம் மல்லாவியிலை ஒண்டு இருக்கு. பெட்டியைச் சீவிப்போட்டு பெயின்ற் அடிச்சால்…"

"இராயப்புவைப் பிடிச்சு நாளைக்கே சீவிவிக்கிறன்," என்றான் மரியநேசன். பெட்டி செய்யச் சொன்னது தான் என்பதால் தேநீர் நேரத்திலிருந்து குற்றவாளிபோல நின்றுகொண்டிருந்தான்.

"ஊறின எண்ணெய். சீவினால் போகாது," என்றாள் மதலேனா.

"அப்ப வேறை ஒண்டு பாப்பம் அக்கா. எங்கடை கடைக்குப் பக்கத்திலை ஒரு தச்சன் இருக்கிறான்."

"வேறை ஒண்டும் வேண்டாம். பெட்டி சாமானுக்கு. அதை வேலியடியிலை வைச்சிட்டு வாறன். இருக்கிறதுக்கு ஒரு கதிரை கேளுங்கோ."

யோகநாதன் சைக்கிள் மணியை விரலால் தடவினான். அது அரைகுறையாக ஒலித்தது. "அக்கா, உங்களுக்குத் தெரியாததில்லை. சில வீட்டுக்காரர் கடற்கரை ஆக்களெண்டால்…"

"தெரியும். கல்யாணத்துக்குப் பேசேக்கை எத்தினை பேர் வாறம் எண்டு சொல்லுறனீங்கள்?"

"மூண்டு பேர் எண்டுதான் சொல்லுறனான்."

"மூண்டு கதிரை எண்டு சொல்லுங்கோ."

"இல்லையெண்டால்?"

"இல்லையெண்டால் மண்டலின்காரரைக் கூப்பிடுங்கோ. அவர் நிண்டுகொண்டும் வாசிப்பார் எண்டனீங்கள்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படுவதற்குத் தேவையான பெலன் அவளிடம் இல்லை. சொல்லி முடித்தபிறகுதான் கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டோமோ என்று தோன்றியது. மரியநேசன் றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். யோகநாதனும் றோட்டைப் பார்த்தான். விசுவமடுப் பக்கம் போகும் மாட்டு வண்டில் ஒன்று அவர்கள் எல்லோருக்கும் உதவியாக மிக மெதுவாகக் கடந்தது.

"கைபிடி இல்லாததோ?" என்று கடைசியில் யோகநாதன் கேட்டான்.

அவள் கிற்றாரின் தலைப்பக்கத்திலிருந்து மறுபடி நூலை அவிழ்த்து நீட்டினாள். "முழத்துக்கு ரெண்டு விரல் குறைவு. நீங்கள் இண்டைக்கு இருந்த கதிரை சரியான அளவு. அளந்து பாத்தனான்."

யோகநாதன் நூலை உடனே வாங்கவில்லை. அவனுடைய முகம் சிவந்ததா, வெயிலா என்று தெரியவில்லை. பிறகு வாங்கி, இரண்டு விரலில் சுற்றி, சேட்டின் மார்புப் பையில் வைத்தான். "கேட்டுப் பாத்து எழுதிப்போடுறன் அக்கா," என்றான்.

பஸ் வந்தது. பெட்டி மேலே ஏறியது. மரியநேசனும் அவளும் பின் வாங்கில் நெருங்கி இருந்தார்கள். புதுக்குடியிருப்பில் பஸ் நின்றது. மரியநேசன் தன் உள்ளங்கைகளை மோந்து பார்த்தான். ஒன்றை அவளுடைய முகத்துக்கு முன்னே நீட்டினான்.

"மணக்குதோ?"

அவள் அந்தக் கையைப் பிடித்து மூக்கோடு வைத்துப் பார்த்தாள். கயிறு, சுருட்டு, பஸ் கம்பி. "எனக்குத் தெரியேல்லை," என்றாள்.

"அவன் எழுதாட்டில்?"

"எழுதாட்டில் எழுதேல்லை."

அப்படிச் சொன்னபிறகுதான் தன் வலது கை விரல்களில் தகர நகங்கள் இன்னும் மாட்டியிருப்பதைக் கண்டாள். அவற்றோடுதான் யோகநாதனுக்கு நூலை நீட்டியிருக்கிறாள். ஒவ்வொன்றாகக் கழற்றினாள். விரல் நுனிகளில் சிவந்த வளையங்கள் இருந்தன. நகங்கள் வைக்கும் பேணி பெட்டிக்குள், பெட்டி பஸ் மேலே. சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, தலையைச் சாளரக் கம்பியில் சாய்த்தாள். பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் விழும்போதும் மேலே பெட்டிக்குள் உருக்குக் கட்டைகள் இரண்டும் ஒன்றையொன்று தட்டுவது கேட்டது.